பட்டியலில் இல்லாத எட்டுப் பேர்

கும்மிடிப்பூண்டி
9.6.2024

அன்புத் தம்பி தாவீதுக்கு,

அக்கா ஏஞ்சல் எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, பழைய இருமல் திரும்ப வந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

துறவற சபையில் சேர்ந்த முதல் ஓராண்டுக்குக் கைபேசி கிடையாது, மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு கடிதம் மட்டும்தான் என்று உங்கள் ஃபாதர் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ போய் மூன்று வாரம் ஆனதும்தான் உறைக்கிறது. பள்ளிக்கூடத்தில் விடுமுறைக் கடிதம் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு நான் யாருக்கும் எழுதியதில்லை. அம்மாவுக்குக் கண்புரை முற்றிவிட்டதால் உன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். கோணல் எழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி எழுது. உன்னை வழியனுப்பியபோது கட்டிய பேனர் இன்னும் கோவில் வாசலில்தான் இருக்கிறது. அம்மா கழற்ற விடுவதில்லை.

எங்கள் சமுதாயக் கல்லூரியில் ஒரு புதுமை வந்திருக்கிறது. ஆட்சிக்குழுவுக்கு மோகன்ராஜ் சார் என்று புதிய தலைவர். சிப்காட்டில் ஒரு பெரிய தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு படிப்புக்கும் இலக்கு வைத்திருக்கிறார். எத்தனை பேர் சேர வேண்டும், எத்தனை பேர் நிலைக்க வேண்டும், எத்தனை பேர் வேலைக்குப் போக வேண்டும் என்று. முதல்வர் அறைச் சுவரில் ஒரு பெரிய டி.வி. மாட்டியாகிவிட்டது. அதற்கு டாஷ்போர்டு என்று பெயர். இலக்கைத் தொட்டால் பச்சை, நெருங்கினால் மஞ்சள், எட்டாவிட்டால் சிவப்பு. கணக்குகளை உள்ளே ஏற்றுவது என் வேலை. பிடித்திருக்கிறது. ஓர் எண்ணைத் தட்டியதும் சுவரில் நிறம் மாறுவதைப் பார்ப்பது தனி சுகம்.

ஒரே ஒரு படிப்புதான் சிவப்பு: நோயாளி பராமரிப்பு. ஜனவரியில் இருபத்தைந்து பெண்கள் சேர்ந்தார்கள், இப்போது பதின்மூன்று பேர்தான் இருக்கிறார்கள். ஐம்பத்திரண்டு சதவீதம். இலக்கு எழுபத்தைந்து. ஆகஸ்ட் கூட்டத்திலும் சிவப்பாகவே இருந்தால் படிப்பை மூடிவிடுவார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. இலவசமாகக் கிடைக்கும் இடத்தின் மதிப்பு தெரியாதவர்கள்தான் பாதியில் ஓடுவார்கள். கடைசிவரை நிற்க முடியாதவர்கள் எதற்காகச் சேர வேண்டும்? இன்னொருவருக்காவது அந்த இடம் போயிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்களுக்காகவும் வேண்டிக்கொள்.

அன்புடன்,
அக்கா ஏஞ்சல்


தாண்டிக்குடி மலை
30.6.2024

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் இருவரின் நலத்துக்காகத் தினமும் வேண்டுகிறேன். எனக்கு இருமல் இல்லை அம்மா. இங்கே சுற்றிலும் காப்பித் தோட்டம். மதியத்திலேயே மேகம் இறங்கிவிடுகிறது, துணி மட்டும் காய்வதில்லை.

நாங்கள் ஒன்பது பேர். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம், திருப்பலி, பிறகு வகுப்பு. மதியம் தோட்ட வேலை. எலக்ட்ரீஷியன் என்று தெரிந்ததும் இங்குள்ள மோட்டார், ஃபியூஸ் எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டார்கள். ஐ.டி.ஐ. முடித்து இரண்டு வருடம் கம்பெனியில் சம்பாதித்தது வீணாகவில்லை. போன வாரம் கிணற்று மோட்டாரைப் பிரித்து மாட்டினேன். அன்றைக்கு நேரம் போனதே தெரியவில்லை.

பயிற்சித் தந்தை நல்லவர். அதிகம் பேசமாட்டார். எங்கள் கடிதங்களை அவர் பிரித்துப் படிப்பதில்லை.

உன் டாஷ்போர்டு பற்றிப் படித்தேன் அக்கா. பாதியில் போனவர்கள் பற்றி நீ எழுதியதையும் படித்தேன்.

அம்மா, மாத்திரைகளைத் தவறாமல் போட்டுக்கொள்.

பாசமுள்ள
தாவீது


கும்மிடிப்பூண்டி
18.8.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். ஜூலைக் கடைசியில் நீ எழுதிய கார்டும் வந்தது. நாலே வரி. அம்மா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி அதை நாற்பது வரியாக்கிவிட்டாள். இங்கே ஆடி முடிந்தும் வெயில் குறையவில்லை.

நல்ல செய்தி. பதினான்காம் தேதி ஆட்சிக்குழு கூடியது. நோயாளி பராமரிப்புப் படிப்பு பச்சைக்கு வந்துவிட்டது. பதினேழு பேரில் பதின்மூன்று பேர் நிலைத்திருக்கிறார்கள். எழுபத்தாறு சதவீதம். எல்லோரும் கைதட்டினார்கள். மோகன்ராஜ் சார் எழுந்து வந்து, "எந்த நம்பரைக் கேட்டாலும் கையில வெச்சிருக்கீங்கம்மா" என்று என்னைப் பாராட்டினார். முதல்வர் சுப்பிரமணி சார் முகத்தில் மூன்று மாதம் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன். படிப்பு மூடப்படாது.

அம்மாவுக்கு இடது கண்ணில் அறுவை செய்யத் தேதி கேட்டிருக்கிறேன். திருவள்ளூரில் செய்யலாமா, சென்னைக்குப் போகலாமா என்று யோசனை.

நீ அங்கே சாப்பாடு, தூக்கம் பற்றி ஒன்றுமே எழுதுவதில்லை. கொஞ்சம் விரித்து எழுது.

அக்கா


தாண்டிக்குடி மலை
25.8.2024

அன்புள்ள அக்கா,

கடிதம் நேற்று கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிய வேண்டுகிறேன். நான் சுகம். தூக்கம் வருகிறது. சாப்பாடும் குறைவில்லை. இப்போது ஏழு பேருக்குத்தானே சமைக்கிறோம், அதனால் முறை வைத்துக்கொள்வது சுலபமாகிவிட்டது.

உன் வெற்றியில் மகிழ்ச்சி. ஒரு சந்தேகம். ஜூனில் இருபத்தைந்து பேர் சேர்ந்ததாக எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தில் பதினேழு என்கிறாய். நான்தான் தப்பாக நினைவு வைத்திருக்கிறேனோ என்று பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். இருபத்தைந்து என்றுதான் இருக்கிறது. மீதி எட்டுப் பேர் வேறு படிப்புக்கு மாறிவிட்டார்களா?

இங்கே அவரைக்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது.

பாசமுள்ள
தாவீது


கும்மிடிப்பூண்டி
15.9.2024

அன்புள்ள தாவீது,

அம்மாவுக்கு அறுவை முடிந்தது. கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு, யார் வந்தாலும் முதலில் உன் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய் என்றுதான் சொல்கிறாள். இன்னும் ஒரு மாதத்துக்கு உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் வாசிக்கும் வேலை இன்னமும் என்னுடையதுதான்.

கல்லூரியில் வேலை அதிகம். மழைக்காலத்துக்கு முன் கூரை பழுது பார்க்கிறார்கள். தையல் பிரிவில் இருபது புது மெஷின் வந்திருக்கிறது. மாதவரத்துக்கு நேராகப் போகும் பஸ் ஒன்று கூடுதலாக விட்டிருக்கிறார்கள்.

ஜூனில் நீங்கள் ஒன்பது பேர் என்று எழுதினாய். ஆகஸ்டில் ஏழு பேருக்குச் சமைப்பதாக எழுதினாய். எனக்கும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உண்டு.

அக்கா


தாண்டிக்குடி மலை
29.9.2024

அன்புள்ள அக்கா,

அம்மாவின் கண் தேறியதில் நிம்மதி. நான் நலமாக இருக்கிறேன்.

ஆமாம், இரண்டு பேர் போய்விட்டார்கள். இங்கே ஒருவர் போவதென்றால் அது இப்படித்தான் நடக்கும். முதல் நாள் இரவு வரை கூடவே உட்கார்ந்து பாடுவார். விடியும் முன் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்கும். காலையில் சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி இருக்காது. யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். போகிறவரின் மனத்தைப் புண்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம் என்று பயிற்சித் தந்தை சொல்கிறார். எனக்கு மட்டும் அந்த நாற்காலியை எங்கே வைக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றியது. பின்கட்டில் விறகு அறையில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள்.

போன இருவரில் ஒருவன் என் பக்கத்துக் கட்டில். அவன் போகப்போகிறான் என்று எனக்கு ஒரு மாதம் முன்பே தெரியும். அவன் ஓடிப்போகிறவன் இல்லை அக்கா. எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் முழங்காலில் நின்றவன் அவன்தான்.

உன் எட்டுப் பேர் பற்றி நீ எழுதவில்லை. வற்புறுத்திக் கேட்கவில்லை. நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முத்தங்கள்.

தாவீது


கும்மிடிப்பூண்டி
20.10.2024

அன்புள்ள தம்பி,

நானும் அம்மாவும் நலம். உன் சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன். இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். அம்மா தூங்குகிறாள்.

உன் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டுப் பேர் வேறு படிப்புக்கு மாறவில்லை. நான்தான் எடுத்துவிட்டேன். ஆகஸ்ட் கூட்டத்துக்கு நாலு நாள் முன் சுப்பிரமணி சார் கூப்பிட்டு, முப்பது நாள்கூட வகுப்புக்கு வராதவர்களைச் சேர்ந்தவர்களாகவே கணக்கில் கொள்ள வேண்டியதில்லை, பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை. இருக்கும் பதின்மூன்று பெண்களையாவது காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு. எனக்கும் சரியென்றே பட்டது. எட்டு வரிகளைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுவரில் சிவப்பு பச்சையாயிற்று.

நீ கேட்ட பிறகுதான் பழைய கோப்பைத் திறந்து அவர்களின் பெயர்களைப் படித்தேன். அதுவரை எனக்கு அவர்கள் ஓர் எண். ஒவ்வொருவருக்கும் எதிரே விலகியதற்கான காரணம் என்று ஒரு கட்டம். அதில் ஐந்து காரணங்கள்தான் உண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டில் ஆறு பேருக்கு 'ஆர்வமின்மை' என்று இருந்தது. போட்டது நான்தான். போனை எடுக்காதவர்களுக்கெல்லாம் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் முழுக்க, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று எண்கள் உபயோகத்தில் இல்லை. நந்தினி என்ற பெண் சிப்காட்டில் ஒரு கேன்டீனில் வேலை செய்கிறாள். ரம்யாவும் இன்னும் இரண்டு பேரும் பழவேற்காடு பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஊர் பஸ் இங்கே ஒன்பது இருபதுக்குத்தான் வந்து நிற்கும். வகுப்பு ஒன்பதுக்கு. மூன்று நாள் தாமதம் என்றால் ஒரு நாள் ஆப்சென்ட். தினமும் வாசலில் நின்று திட்டு வாங்க முடியாமல் நின்றுவிட்டார்கள். எட்டாவது பெண் செல்வி. போனை எடுத்தாள். பேசமுடியாது, வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டாள். நாலு முறை அப்படியே.

அக்டோபர் ஐந்தாம் தேதி சனிக்கிழமை அவள் ஊருக்குப் போனேன். ஏரிக்கரையை ஒட்டி மீனவர் குப்பம். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அறையின் நடுவே கட்டில். அதில் அவள் அப்பா. பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் இல்லை. அம்மா முன்பே தவறிவிட்டாள். செல்வி அவரை ஒரு பக்கமாகப் புரட்டி, முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. முடித்துவிட்டுக் கையைக் கழுவி வந்தாள்.

எட்டு மாதமாகப் படுத்திருக்கும் மனிதரின் முதுகில் ஒரு புண் இல்லை தாவீது. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு நோட்டுத் தாளை ஒட்டியிருந்தாள். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்ற அட்டவணை. எங்கள் வகுப்பில் மூன்றாம் வாரம் சொல்லித்தருவது. அவள் வந்தது இருபத்து மூன்று நாள்.

ஏன் நின்றுவிட்டாய் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அவளே சொன்னாள்: "நான் படிப்ப உட்டுட்டு வர்லக்கா. அங்க சொல்லிக் குட்தத இங்க செஞ்சிக்கினு கீறேன்."

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "எம்பேரு இன்னும் அங்க கீதாக்கா?" என்றாள்.

இருக்கிறது என்றேன். இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் வந்தேன்.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போய் எட்டுப் பெயரையும் திரும்ப ஏற்றினேன். ஐம்பத்திரண்டு. சிவப்பு. சுப்பிரமணி சார் வந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீ நேர்மையா இருக்கிறதுக்கு அந்தப் பதிமூணு பொண்ணுங்க வெல குடுக்கணுமா?" என்று கேட்டார். நவம்பர் கூட்டத்தில் நீயே எழுந்து சொல் என்று மட்டும் சொன்னார்.

ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.

அக்கா


கும்மிடிப்பூண்டி
24.11.2024

அன்புள்ள தாவீது,

அக்டோபர் கடைசி ஞாயிறு போய் இன்று நவம்பர் கடைசி ஞாயிறும் வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவிடம் மழையில் தபால் தாமதமாகிறது என்று சொல்லியிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுது.

இருபதாம் தேதி கூட்டம் நடந்தது. சுவரில் சிவப்பு. மோகன்ராஜ் சார் போன கூட்டத்தின் தாளை எடுத்துப் பார்த்து, எழுபத்தாறு எப்படி ஐம்பத்திரண்டாகக் குறைந்தது, மூன்று மாதத்தில் யாரெல்லாம் போனார்கள் என்று கேட்டார். யாரும் போகவில்லை, போனவர்களை நான் போன முறை மறைத்திருந்தேன் என்றேன். முதல்வர் சொல்லித்தான் என்று சொல்ல வேண்டாம் என நினைத்திருந்தேன். ஆனால் சுப்பிரமணி சாரே எழுந்து, சொன்னது நான், செய்தது அந்தப் பெண் என்றார்.

ஒரு உறுப்பினர், இனி இந்த டி.வி.யை எப்படி நம்புவது என்று கேட்டார். மோகன்ராஜ் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் தொழிற்சாலை வாசலில் விபத்தில்லாத நாட்கள் என்று ஒரு பலகை இருந்ததாம். முந்நூறைத் தாண்டியிருந்த சமயத்தில் ஒருவருக்கு விரல் நுனி போய்விட்டதாம். "பலகைய மாத்த மனசு வரல. அவர லீவு போடச் சொன்னேன். நான்தான் சொன்னேன்" என்றார். பிறகு எட்டுப் பெயரையும் வாசிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். மூன்று பேர் பற்றித் தெரியவில்லை என்பதையும் சொன்னேன்.

முடிவு இதுதான். இருக்கும் பதின்மூன்று பேரும் படித்து முடிப்பார்கள். வகுப்பு இனி ஒன்பதே முக்காலுக்கு. ஜனவரியில் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. பாதியில் நின்றவர்கள் வர விரும்பினால் அவர்களுக்கு மட்டும் இடம். அதன்பின் படிப்பு இருக்குமா என்பது ஜூன் கூட்டத்தில்தான் தெரியும். ரம்யா வருகிறேன் என்கிறாள். செல்வி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். காலையில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்க வேண்டும்.

ஆகஸ்டில் கணக்கை மாற்றியதற்காக எனக்கு மெமோ. டாஷ்போர்டை இனி வேறு ஒருவர் பார்த்துக்கொள்வார். நான் அட்மிஷன் கவுன்ட்டருக்குப் போகிறேன். ஒரு வாரம் வருத்தமாக இருந்தது. அந்த வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன் தம்பி, அந்த ஒரு நிமிடத்தைத் தவிர.

இன்னொன்று. ஜூனில் நான் எழுதிய முதல் கடிதத்தில், பாதியில் போகிறவர்கள் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. எதுவும் தெரியாமல் எழுதியது. அதைக் கிழித்துப் போட்டுவிடு.

நீ எதையும் விளக்க வேண்டியதில்லை. சுகமாக இருக்கிறாயா என்று மட்டும் எழுது. இனி கல்லூரி முகவரிக்கே எழுதலாம். அங்கே நான் மட்டும்தான் பிரிப்பேன்.

உன் அக்கா


தாண்டிக்குடி மலை
1.12.2024

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்களைக் கலங்க வைத்ததற்கு மன்னித்துவிடு. பயிற்சித் தந்தையிடம் தனியாக அனுமதி வாங்கி இதை எழுதுகிறேன்.

அக்டோபர் கடிதத்தை எழுதினேன், அனுப்பவில்லை. அம்மா காதில் விழும் கடிதத்தில் இதை எப்படி எழுதுவது? நான் இங்கிருந்து வந்துவிடப்போகிறேன் அக்கா. செல்வி பற்றி நீ எழுதியதைப் படித்த மறுநாள் பயிற்சித் தந்தையிடம் சொன்னேன். ஆனால் முடிவு ஜூலையிலேயே தெரிந்துவிட்டது.

இங்கே யாரும் எனக்குக் குறை வைக்கவில்லை. கஷ்டமும் தாங்க முடியாததல்ல. எல்லோரும் ஜெபத்தில் அமர்ந்திருக்கும்போது நான் எப்போது மணி அடிக்கும் என்று காத்திருப்பேன். கிணற்று மோட்டாரைப் பிரித்த நாளில்தான் என்னை மறந்து இருந்தேன். இதைப் பயிற்சித் தந்தையிடம் சொன்னபோது, ஏன் வந்தாய் என்று கேட்டார். கேட்டபிறகுதான் யோசித்தேன்.

அப்பா ரோலிங் மில்லில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சடைத்துப் போன வருடம் உனக்கு நினைவிருக்கும். அம்மா எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யார் பேசியும் எழவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, எதையாவது சொல்ல வேண்டுமே என்று, நான் சாமியாராகலாம் என்று நினைக்கிறேன் அம்மா என்றேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். தலையை வாரிக்கொண்டாள். அன்று மாலை கோவிலுக்குப் போனாள். அதற்குப் பிறகு அதை எப்படி மாற்றிச் சொல்வது? சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை போல ஆகிவிட்டது. ஆறு வருடம்.

உன் முதல் கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். அந்தப் பத்தியை மனப்பாடமாகச் சொல்வேன் அக்கா. ஜூலையில் நாலு வரிக்கு மேல் எழுத முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். குற்றம் சொல்லவில்லை. நீ குப்பம்வரை போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருக்காவிட்டால் நான் இதை உனக்கு எழுதியிருக்கமாட்டேன். ஜீப்பில் ஏறி எங்கேயாவது ஒரு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருப்பேன்.

பத்தொன்பதாம் தேதி கிளம்புகிறேன். விடியும் முன் வேண்டாம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று கேட்டேன். பயிற்சித் தந்தை சரி என்றார்.

அம்மாவிடம் நான் வந்து சொல்வதா, நீ முன்பே சொல்வதா என்று உனக்கு எது சரியென்று படுகிறதோ செய். கண் அறுவை ஆனவள். அழக் கூடாது.

தாவீது


கும்மிடிப்பூண்டி
15.12.2024

அன்புத் தம்பி தாவீதுக்கு,

கிளம்புவதற்குள் உன் கைக்கு இது கிடைக்க வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். நான் சுகம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நாலு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நான் சொல்லவில்லை, அவளே கேட்டாள். "தம்பி லெட்டர் வந்துகீது, நீ என்னாண்ட மறைக்கிற" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். மூன்று நாளாக நான் மழையைக் குறை சொல்லவில்லையாம். உட்கார வைத்து முழுதும் வாசித்தேன். அப்பா பற்றிய பத்தியைத் தாண்டிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். தாண்டவில்லை.

அம்மா அழவில்லை. தட்டு வைத்த நாளைப் பற்றிய இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு பேசவே இல்லை. புதன், வியாழன், வெள்ளி. சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், மாத்திரை போட்டுக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தேன்.

நேற்று மாலை புடவை மாற்றிக்கொண்டு, கோவிலுக்கு வா என்றாள். துறவறத்துக்குத் தேவ அழைத்தல் பெற்றவர்களுக்காக ஞாயிறு பூசையில் ஒரு மன்றாட்டு வாசிப்பார்கள். நீ போனதிலிருந்து அதில் உன் பெயரும் உண்டு. அது உனக்குத் தெரியாது. ஃபாதர் அறையில் அம்மா உட்காராமல் நின்றே விஷயத்தைச் சொன்னாள். அவர் அதிர்ச்சியைக் காட்டிக்கொள்ளாமல், சரிம்மா, நாளையிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறேன் என்றார்.

"எடுக்க வாணாம் ஃபாதர். வேல கெடைக்கணும்னு வேண்டிக்கிறவங்க பேரு தனியா படிப்பீங்களே, அதுல மாத்திப் போடுங்க" என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது வழியில் என்னிடம் பேசினாள். "அவன் அன்னிக்கி இன்னா சொல்லியிருந்தாலும் எழுந்திருப்பேன்டி. அவன் வந்து பக்கத்துல உக்காந்தானே, அதுக்கு எழுந்தேன்" என்றாள். இதை உனக்கு எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.

இன்று காலை பூசையில் ஃபாதர் வாசித்தார். வேலைக்காகக் காத்திருக்கும் பரணிதரன், தேவதர்ஷினி, இம்மானுவேல், தாவீது. உன் பெயர் வந்ததும் முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. அம்மா கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் இருந்தாள். எல்லோரும் பதில் சொல்லும் நேரத்தில், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று அவள் குரல்தான் சத்தமாகக் கேட்டது.

பத்திரமாக வா.

உன் அக்கா ஏஞ்சல்